மேஜையை விடுங்கள், பல்லியைப் பாருங்கள்

பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்குப் போவதில்லை என்று நான் ஒரு விரதம் வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அது கெட்டுப்போகும். கடைசியாகக் கெட்ட தடவை நடந்ததிலிருந்துதான் இந்தச் சண்டை ஆரம்பம்.

பத்து நிமிஷ நாடகம். திரை விலகியதும் மேடையில் அட்டையால் செய்த ஒரு சூளை. அதன் வாயில் சிவப்புக் காகிதம், உள்ளே மின்சார விளக்கு. ஒட்டுத் தாடி வைத்த பையன் ஒருவன், "விறகு தீர்ந்துவிட்டதே, என் செய்வேன்!" என்று அலறிக்கொண்டு ஒரு மேஜையை இழுத்து வந்து சூளைக்குப் பின்னால் தள்ளினான். அடுத்தாற்போல் ஒரு நாற்காலி. அதற்கடுத்து வகுப்பறைப் பெஞ்சி. பெஞ்சி போகும்போது தலைமையாசிரியர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. புடவை கட்டிய இன்னொரு பையன் மனைவியாக வந்து தலையில் அடித்துக்கொண்டு ஓடினான். சபையில் ஒரே சிரிப்பு. பிறகு ஒரு மணியோசை. "வெற்றி! வெற்றி!" என்ற கூச்சல். தாடிக்காரன் கையில் ஒரு வெள்ளைக் கோப்பை. கால் மணி நேரத்துக்கு முன்னால் அதே கோப்பையில்தான் எனக்குக் காப்பி கொடுத்திருந்தார்கள்.

தலைமையாசிரியர் எழுந்து, "மாணவமணிகளே! பெர்னார் பலிஸியைப் போல விடாமுயற்சி உடையவர்களாக இருங்கள்" என்றார். என்னைப் பேசச் சொன்னார்கள். நானும் விடாமுயற்சியைப் பற்றித்தான் பேசினேன். மேடை ஏறினால் வாய் தானாகவே அந்தப் பாதையில் போய்விடுகிறது, பழக்க தோஷம்.

கீழே இறங்கியதும் அந்தத் தாடிப் பையனைக் கூப்பிட்டேன். நாலைந்து தெரு தள்ளி இருக்கிற பிள்ளைதான்.

"நன்றாக நடித்தாய், தம்பி. அந்தப் பலிஸி என்ன பண்ணினார்?"

"மேஜையை எரிச்சார் ஸார்."

"எரிச்சு?"

"கோப்பை செஞ்சார் ஸார்."

"அப்புறம்?"

பையன் தலைமையாசிரியரைப் பார்த்தான். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். "அவ்வளவுதான் ஸார், பாடத்திலே இருக்கிறது" என்றார்.

அந்த 'அவ்வளவுதான்' மீதுதான் எனக்குக் கோபம். பையன் மீது கோபமில்லை. என் சிறு வயதில் நானும் அவ்வளவுதான் படித்தேன். இந்தக் கதையை ஊரெல்லாம் பரப்பிய புண்ணியத்தில் பெரும் பங்கு ஸாமுவேல் ஸ்மைல்ஸ் என்பவருக்கு உண்டு. 1859-இல் அவர் வெளியிட்ட 'ஸெல்ப் ஹெல்ப்' என்ற புத்தகத்தில் பெரிய மண்பாண்டக்காரர்கள் மூவரைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. முதல் ஆள் பலிஸி. என் தாத்தாவின் அலமாரியில் அந்தப் புத்தகம் இருந்தது. உழைத்து முன்னேறியவர்களின் ஜாபிதா என்று அதைச் சொல்லலாம். அப்படிப்பட்ட ஜாபிதாவில் ஒருவர் என்ன செய்தார் என்பது முக்கியமில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டார், கடைசியில் ஜயித்தாரா, அதுதான் கேள்வி. பீங்கான் செய்தாலும் ஒன்றுதான், பித்தான் செய்தாலும் ஒன்றுதான்.

பலிஸி செய்தது என்ன? பல்லி செய்தார். பாம்பு செய்தார். தவளை, நண்டு, விலாங்கு, கிளிஞ்சல், பெரணி இலை எல்லாவற்றையும் மண்ணில் செய்து, சூளையில் வேகவைத்து, ஒரு பெரிய தட்டின் மேல் உட்கார வைத்தார். நானூறு வருஷங்களுக்கு மேல் ஆன பிறகும் அந்தத் தட்டுகளின் முன்னால் நின்றால் கையை நீட்டத் தயக்கமாக இருக்கும். இதைச் சொல்லாமல் மேஜையை மட்டும் சொல்லுகிறவர்களை என்ன செய்வது?

விஷயத்தை முதலிலிருந்து சொல்லுகிறேன். பலிஸி 1510-ஐ ஒட்டிப் பிரான்ஸின் தென்மேற்குப் பகுதியில் பிறந்தவர். ஜன்னல் கண்ணாடிகளில் சித்திரம் எழுதும் தொழிலும், நிலம் அளக்கும் வேலையும் தெரியும். ஷாரான்த் என்ற ஆற்றங்கரையில் ஸேந்த் என்ற ஊரில் குடியேறி, கல்யாணம் செய்துகொண்டு, குழந்தை குட்டிகளோடு இருந்தவர். ஒருநாள் யாரோ அவருக்கு ஒரு மண் கோப்பையைக் காட்டினார்கள். வெள்ளை மெருகு பூசிய கோப்பை. அதன் அழகு அவரைப் பிடித்துக்கொண்டது. களிமண்ணைப் பற்றி அவருக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. இருட்டில் தடவுகிறவனைப் போலத் தேட ஆரம்பித்தேன் என்று அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். அந்தத் தேடல் பதினைந்து பதினாறு வருஷம் நீண்டது.

இந்தக் கதைக்கு ஒரே சாட்சி அவர்தான் என்பதை வாசகர்கள் மறக்கக் கூடாது. 1580-இல் அவர் வெளியிட்ட உரையாடல் புத்தகத்தில், 'மண் கலை' என்ற பகுதியில், இதையெல்லாம் எழுதி வைத்தார். அதைப் படித்தவர்கள் ஒரே ஒரு இரவை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டார்கள். அந்த இரவு உண்மைதான். ஆறு பகல், ஆறு இரவு சூளை எரிந்தும் மெருகு உருகவில்லை. கலவையை மாற்றிப் புதிதாக அரைத்துப் பூசினார். விறகு தீர்ந்தது. தோட்டத்துப் பந்தல் கால்களைப் பிடுங்கிப் போட்டார். பிறகு மேஜை, பிறகு வீட்டுத் தரைப் பலகை. மேல் சட்டை ஒரு மாதமாக வேர்வை உலரவில்லையாம். வீட்டுப் பலகையைப் பெயர்த்து எரிக்கிறான் என்று ஊரார் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பைத்தியம் என்றார்கள், கள்ளப் பணம் அடிக்கிறான் என்றார்கள்.

நாடகத்தில் இங்கே மணியோசை வருகிறது. வாழ்க்கையில் வரவில்லை. அதற்கு அப்புறம்தான் பெரிய தோல்விகள் எல்லாம்! ஒரு குயவரை ஆறு மாதம் வேலைக்கு வைத்துக்கொண்டார். கூலி கொடுக்கப் பணமில்லாமல் தம் உடுப்புகளைக் கழற்றிக் கொடுத்தார். புதுச் சூளை கட்டினார். அந்தச் சாந்தில் சிக்கிமுக்கிக் கல் துணுக்குகள் இருந்திருக்கின்றன. சூடு ஏறியதும் கற்கள் வெடித்து, உருகிக்கொண்டிருந்த மெருகின் மேல் பொறி பொறியாய் ஒட்டிக்கொண்டன. மெருகு அழகாகத்தான் வந்திருந்தது. தடவினால் கை கிழியும். சிலர் குறைந்த விலைக்குக் கேட்டார்கள். கடன்காரர்கள் வாசலில் நிற்கிற நேரம். விற்றால் தம் தொழிலின் மானம் போய்விடும் என்று அத்தனையையும் போட்டு உடைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

என்னைக் கேட்டால், நாடகம் போட வேண்டிய இடம் அதுதான். மேஜையை எரிக்க ஆத்திரம் போதும். ஒரு மாதிரி நன்றாக இருக்கிற, நாலு காசுக்குப் போகிற, தானே செய்த பாத்திரத்தை உடைப்பதற்கு வேறொன்று வேண்டும். பத்திரிகைக்கு வாரா வாரம் தொடர்கதை எழுதுகிற நான் இதைச் சொல்லும்போது கொஞ்சம் தொண்டை அடைக்கிறது. உடைக்க வேண்டிய அத்தியாயங்களை எத்தனை தடவை தபாலில் சேர்த்திருக்கிறேன்!

இன்னொரு முறை அடுப்புச் சாம்பல் பறந்து மெருகில் ஒட்டியது. அதற்காக ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மண்ணாலேயே ஒரு கூடு செய்து மூடினார். லாந்தர் என்று அதற்குப் பெயர் வைத்தார். அப்புறம் ஒரு தகராறு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரே தட்டில் பல பிராணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வர்ணம். ஒவ்வொரு வர்ணமும் ஒவ்வொரு சூட்டில் உருகும். பாம்பின் நிறம் உருகுவதற்குள் பல்லியின் பச்சை தீய்ந்துவிடும். பாம்பும் நண்டும் ஆமையும் பதமாகும்போது வெள்ளை இன்னும் பிடித்திருக்காது. ஒரே நெருப்பு, ஒரே நேரம், எல்லோருக்கும் பந்தியில் ஒரே சமயத்தில் சாப்பாடு முடிந்தாக வேண்டும்! இதைச் சரிக்கட்ட அவருக்கு வருஷங்கள் ஆயின. உடம்பு வற்றி, தொடைக்கும் கணுக்காலுக்கும் வித்தியாசமில்லாமல் போய், கட்டின காலுறை நடக்கும்போது குதிகாலில் வந்து விழுந்ததாம். அப்படியே வயல்வெளியில் நடந்து திரிந்தாராம். மழை இரவுகளில் கூரையில்லாத சூளையடியில் ஒரு பக்கம் ஆந்தை, ஒரு பக்கம் நாய் ஊளை.

ஒரு பல்லியின் பச்சைக்காக. இதைச் சொல்லித் தொலைத்தால் என்ன?

சொல்ல மாட்டார்கள். காரணம், பல்லியைச் சொன்னால் கதையின் மதிப்புக் குறைந்துவிடும் என்ற பயம். இவ்வளவு கஷ்டப்பட்டவன் ஒரு ராஜாவின் சிலையையாவது செய்திருக்கக் கூடாதோ?

இப்படிக் கேட்கிறவர்கள் பாடப் புத்தகக்காரர்கள் மட்டுமல்ல. எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். தமிழ் படித்தவர், சங்கப் பாட்டில் நல்ல பயிற்சி, விமரிசகர். அவரிடம் ஒரு படப் புத்தகத்தைக் காட்டினேன். பலிஸியின் கைவேலை என்று மதிக்கப்படும் ஒரு தட்டின் படம், ஒரு முழுப் பக்கத்துக்கு. நீள்வட்டத் தட்டு. நடுவில் ஒரு தீவு. அதில் சுருண்டு கிடக்கும் பாம்பு. தீவைச் சுற்றி ஓடும் நீரில் மீன்கள். கரையில் பல்லிகள், தவளைகள், ஆற்று இறால், கிளிஞ்சல், இலைகள். எல்லாவற்றின் மேலும் ஈய மெருகு, இப்போதுதான் மழை பெய்து விட்டாற்போல.

சிநேகிதர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "எப்படிச் செய்தாராம்?" என்றார்.

சொன்னேன். செத்த பல்லியின் மேல் சாந்து பூசி அச்சு எடுக்கிறது. அந்த அச்சில் களிமண்ணை அழுத்துகிறது. செதிலுக்குச் செதில் வரும்.

"பார்த்தீரா! நகல்தானே ஐயா இது? அச்செடுத்தால் யாருக்குத்தான் வராது? கலைஞன் என்றால் இயற்கையை மாற்ற வேண்டும், உயர்த்த வேண்டும். நீர்கூட இப்படித்தான். குழாயடியில் பேசுவதை அப்படியே எழுதிவிட்டு நாவல் என்கிறீர்."

கடைசி வாக்கியத்துக்காகத்தான் நான் இந்தக் கட்டுரை எழுதுகிறேன் என்று யாராவது நினைத்தால், அதில் பாதி உண்மை.

அவருக்கு அன்று நான் சொன்ன பதிலையும், அவர் போன பிறகு தோன்றிய நல்ல பதிலையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். அச்செடுத்தால் கிடைப்பது ஒரு பல்லி. நிறமில்லாத, மண்ணாலான, செத்த பல்லி. அதன் வாலை எந்தப் பக்கம் வளைப்பது? நீருக்குள் ஒரு கால், கரையில் மூன்று காலா? தவளைக்கு எவ்வளவு தூரத்தில்? பாம்பின் தலை யாரைப் பார்க்கிறது? அந்தத் தட்டை மறுபடியும் பாருங்கள். ஒரு பிராணியும் இன்னொன்றைத் தின்னவில்லை. ஆனால் அடுத்த நொடி எது வேண்டுமானாலும் நடக்கலாம். அந்த நொடியை எந்த அச்சிலிருந்து எடுத்தார்? நிறம் எந்த அச்சில் இருந்தது? அதை அவர் நெருப்பிலிருந்து அல்லவா பிடுங்க வேண்டியிருந்தது?

நண்டின் தூக்கிய கண்ணை வேப்பம் அரும்புக்கு ஒப்பிட்டான் நம் சங்கப் புலவன். என் சிநேகிதர் இதை மேடைதோறும் சொல்லி மெய்சிலிர்ப்பவர். அந்தப் புலவன் நண்டை உயர்த்தினானா? இல்லை, குனிந்து பார்த்தான். சேற்றங்கரையில் முழங்காலிட்டுப் பார்த்தவனுக்கன்றி வேறு யாருக்கும் அந்த ஒப்புமை கிடைக்காது. அங்கே கவிதையாக இருப்பது, பிரான்ஸில் ஒருவர் மண்ணில் செய்தால் நகலாகிவிடுமோ?

ஓர் இடத்தில் மட்டும் சிநேகிதர் ஜயித்தார். "கொன்றுதானே அச்செடுத்தார்?" என்று கேட்டார். ஆமாம். உயிருள்ளதுபோல் செய்வதற்கு உயிரை எடுத்திருக்கிறார். அதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது. என் நாவலில் வருகிற ஒரு பாட்டி, தன்னை நான் எழுதியது தெரிந்த நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

பலிஸிக்குத் தம் வேலையைப் பற்றிப் பெருமை ஏராளம். 1563-இல் வெளியிட்ட முதல் பெரிய புத்தகத்தில் ஒரு தோட்டத்தைக் கற்பனை செய்கிறார். அதில் மண்ணால் செய்த பல்லிகளையும் பாம்புகளையும் வைப்பாராம். நிஜப் பல்லிகளும் பாம்புகளும் வந்து வந்து அவற்றைப் பார்த்து வியக்குமாம். தம் பட்டறையில் இருக்கும் மண் நாயைப் பார்த்து ஊர் நாய்கள் பல உறுமியதாகவும் அதே மூச்சில் சொல்லிக்கொள்கிறார். நாய்களை விமரிசகர்களாக ஏற்றுக்கொண்ட கலைஞர் அவர். எனக்கும் சில சமயம் அந்த ஆசை வருவதுண்டு.

அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தம்மை 'மண் வேலைக்காரன்' என்றுதான் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ராஜாவுக்கு 'நாட்டுப்புற மண் உருவங்கள்' கண்டுபிடித்துக் கொடுத்தவன் என்ற பட்டம். அந்தப் பட்டத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1548-இல் உப்பு வரிக் கலகத்தை அடக்க அந்தப் பக்கம் வந்த மோன்மொரான்ஸி என்ற பெரிய பிரபு அவருக்கு ஆதரவு கொடுத்தார். எகுவான் என்ற தம் மாளிகைக்கு ஒரு குகை செய்யச் சொன்னார். பலிஸி பிராட்டஸ்டண்டுச் சமயத்தில் சேர்ந்தவர். மதச் சண்டையில் பிடித்துக்கொண்டுபோய் பொர்தோ நகரத்துச் சிறையில் அடைத்தார்கள். ராஜாவின் வேலைக்காரன் என்றால் உள்ளூர் நீதிபதிகள் தொட முடியாது. அந்தப் பட்டம் அவர் கழுத்தைக் காப்பாற்றியது. கழுத்தைக் காப்பாற்றியது மேஜை எரித்த விடாமுயற்சியா, மண் பல்லியா? எண்ணிப் பார்க்கலாம்.

பார்க்கிற புத்திக்கு ஓர் எல்லை உண்டா என்ன? பல்லியைப் பார்த்தவர் கிளிஞ்சலையும் பார்த்தார். கினியா தேசத்திலிருந்து வந்த இரண்டு பெரிய சங்குகள் அவர் கைக்குக் கிடைத்தன. யுத்த காலம், ஒரு கோட்டை நகரத்துக்குத் திட்டம் போட வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். பெரிய கட்டிடக்காரர்கள் வரைந்த படமெல்லாம் பார்த்தும் திருப்தி இல்லை. கடைசியில் இந்தச் சங்குகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எலும்பில்லாத, பல்லில்லாத ஒரு பூச்சி தன் எச்சிலால் கட்டிக்கொண்ட வீடு. சுருள் சுருளாக உள்ளே போகிறது. அந்தச் சுருள் அழகுக்காக மட்டுமல்ல, எதிரி ஒரு சுற்றைப் பிடித்தால் அடுத்த சுற்றுக்குள் போய்விடலாம் என்று கண்டுகொண்டு, அதே மாதிரி ஒரு நகரத்தை எழுதி வைத்தார்.

பாறைக்குள் இருக்கும் கிளிஞ்சல்களையும் பார்த்தார். மலைமேல் கல்லுக்குள் கடல் பிராணியின் ஓடு எப்படி வந்தது? பிரளயத்தில் அடித்துக்கொண்டு வந்தது என்பது அன்றைய பண்டிதர்களில் பலருடைய அபிப்பிராயம். இவர் ஒப்பவில்லை. அந்தப் பிராணிகள் அந்த இடத்திலேயே, நீர் நின்ற இடத்திலேயே, பிறந்து வளர்ந்து, சேறு கல்லானபோது தாமும் கல்லாயின என்றார். ஊற்றுக்கும் ஆற்றுக்கும் மழைதான் மூலம், கடல்நீர் பூமிக்கடியில் ஏறி வருவதில்லை என்றார். இரண்டு விஷயத்திலும் இன்றைய விஞ்ஞானம் அவர் பக்கம்தான் நிற்கிறது. லத்தீனும் தெரியாது, கிரேக்கமும் தெரியாது. 1575-இல் பாரிஸில் சுவரொட்டி ஒட்டி, படித்த வைத்தியர்களையும் பண்டிதர்களையும் கூப்பிட்டுப் பிரசங்கம் செய்தார். நுழைவுக் கட்டணம் ஒரு பொற்காசு. நான் சொல்வது பொய் என்று காட்டினால் நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்றார். அம்ப்ரோய்ஸ் பாரே என்ற புகழ்பெற்ற ரண வைத்தியர்கூட வந்து உட்கார்ந்திருக்கிறார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை என்று பலிஸியே எழுதியிருக்கிறார். அவருடைய புத்தகத்தில் இரண்டு பேர் வாதாடுகிறார்கள்: ஒருவர் பெயர் ஏட்டறிவு, மற்றவர் பெயர் செய்கை. வாதத்தில் யார் ஜயிப்பார் என்று சொல்லவேண்டியதில்லை.

தட்டையும் கல்லையும் பிரித்து, ஒன்று கைவேலை, ஒன்று விஞ்ஞானம் என்று இரண்டு அலமாரியில் வைக்கிறார்களே, அது எனக்குப் புரியவில்லை. ஒரே ஆள், ஒரே கண். கிளிஞ்சலின் வரியை மண்ணில் கொண்டுவர அதை ஆயிரம் தடவை தொட்டவருக்குத்தான், பாறைக்குள் இருப்பதும் ஒரு காலத்தில் உயிரோடிருந்த ஓடு என்று தெரியும். ஏட்டில் படித்தவர்கள் அதைத் தொடவே இல்லையே!

இந்தக் கட்டுரையின் முதல் பாதியை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேஜையை எரித்தார், தரையைப் பெயர்த்தார், சரி. அன்றைக்கு ராத்திரி குழந்தைகளுக்கு அவள் என்ன போட்டாளாம்?" என்று கேட்டாள்.

எழுதுகிறவன் வீட்டில் இந்தக் கேள்வி வெறும் சரித்திரக் கேள்வி இல்லை என்பது எனக்குத் தெரியும். பலிஸி தம் கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதினார். வீட்டுக்குள் வந்தால் ஏச்சுத்தான் கிடைத்தது என்று குறைப்பட்டுக்கொண்டார். ஏசியவளுக்குப் புத்தகம் எழுத வாய்க்கவில்லை. பாடப் புத்தகக்காரர்கள் அவளுக்குப் பெயர்கூட வைக்காமல், சிரிப்புக்காகப் புடவை கட்டிய ஒரு பையனை ஓடவிட்டார்கள். விடாமுயற்சி என்ற பாடத்துக்கு அவள் ஒரு தடைக்கல்! அவளும் அத்தனை வருஷம் விடாமல் ஏதோ முயன்றுகொண்டுதானே இருந்திருப்பாள்? கலைக்காக வீட்டை எரிக்கலாம் என்று பையன்களுக்குக் கற்பிக்கிறோமா நாம்? எரித்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். அவர் பார்த்த பல்லியை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன. அதற்கு நான் என்ன செய்ய?

பாரிஸில் அவருக்கு நல்ல காலம் கொஞ்சம் இருந்தது. காதரீன் தெ மெதிஸி என்ற ராஜமாதா த்யூலரி அரண்மனைத் தோட்டத்துக்கு ஒரு குகை செய்யச் சொல்லி, அங்கேயே பட்டறைக்கு இடமும் கொடுத்தாள். த்யூலரி என்ற பெயருக்கே ஓட்டுச் சூளைகள் இருந்த இடம் என்றுதான் அர்த்தம்; மண்காரர் சரியான இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார். அந்தக் குகை இன்று இல்லை. 1980-களில் லூவர் அரண்மனைப் பக்கம் தோண்டியபோது அவர் பட்டறையின் உடைசல்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. உலகத்து அருங்காட்சியகங்களில் பலிஸி என்று சீட்டு ஒட்டிய தட்டுகளில் அவர் கையால் ஆனவை மிகக் கொஞ்சம்தான் என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தூர் நகரத்து அவிஸோ என்பவர் அந்த வித்தையை மறுபடியும் கண்டுபிடித்துப் பாம்பும் பல்லியும் செய்தார். அவரைப் பார்த்து இன்னும் பலர் செய்தார்கள். போர்த்துக்கல்லில் கல்தாஸ் த ரயின்யா என்ற ஊர் இதற்கே பெயர் போயிற்று. நகல் என்று என் சிநேகிதர் சொன்னாரே, அந்த வார்த்தைக்கு உரியவர்கள் இவர்களில் சிலர் இருக்கலாம். அவர்கள் பார்த்தது பல்லியை அல்ல, பலிஸியின் தட்டை.

ஆதரித்த பிரபு போனார். மதச் சண்டை போகவில்லை. எண்பதை நெருங்கிய கிழவரை மறுபடியும் பிடித்தார்கள். மதத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1590-இல் பாஸ்டில் சிறையில் பட்டினியும் குளிரும் கொடுமையுமாகச் செத்துப்போனார் என்று லெத்துவால் என்பவர் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிணத்தை நாயைப் போல் மதில்மேல் இழுத்துப் போட்டார்களாம். சாகும்போது கிழவர் லெத்துவாலுக்கு ஒரு கல்லை விட்டுப் போனார். காலப்போக்கில் கல்லாகிப்போன மனிதத் தலை அது என்பது அவர் நம்பிக்கை. தம் ரஸவாதக் கல் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். சிறைக்குள்ளேயும் ஒரு கல்லை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்! 'வெற்றி! வெற்றி!' என்று திரை போட இதில் எங்கே இடம் இருக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாடிப் பையன் வீட்டுக்கு வந்தான். கையெழுத்துப் புத்தகம் கொண்டுவந்திருந்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தப் படப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் விரித்துக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. முதலில் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். பிறகு குனிந்தான். விரலால் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "பதினாலு ஸார்" என்றான். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "இல்லே ஸார், இந்த இலைக்கு அடியிலே இன்னொண்ணு இருக்கு" என்றான். நான் அத்தனை நாளும் பார்த்திராத ஒரு சின்னத் தவளை. இலையின் நிழலோடு நிழலாக இருந்தது.

"இதை நாடகத்திலே எப்படி ஸார் காட்டறது?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து காப்பி வந்தது. தட்டுப் படத்தின் மேல் சிந்திவிடப் போகிறதே என்று அவன் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.